பார்க்காத கங்கை: பெரியாழ்வாரின் கடிநகர்ப் பாசுரங்களை முன்வைத்து

பெரியாழ்வார் தேவப்பிரயாகைக்குப் போனாரா என்ற கேள்வியைப் பக்தர்கள் கேட்பதில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை. பண்டிதர்களும் கேட்பதில்லை. அவர்களுக்குப் பாடபேதங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஏனென்றால் அனுபவம் என்ற சொல்லை உரைகல்லாக வைத்துக்கொண்டு கவிதைக்கு மாற்றுப் பார்ப்பவர்கள் நாம். 1959-ல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து அந்தச் சொல் சிறுபத்திரிகை விமர்சனத்தில் புழங்கி வருகிறது. யாப்புப் பண்டிதர்களுக்கு எதிராகவும் வாரப் பத்திரிகைக் கண்ணீருக்கு எதிராகவும் அது நமக்கு உதவியிருக்கிறது. உதவிய ஆயுதம் என்பதாலேயே அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு நண்பர்கள் கூடி ஓர் இளைஞரின் கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேசினோம். பனிமலையைப் பற்றி அதில் நான்கு கவிதைகள். "இவர் தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டியதில்லை, பனிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது. கவிதைகள் சுமாரானவைதாம். ஆனால் அவை சுமாரானவை என்பதை அந்தக் கேள்வி நிரூபிக்கவில்லை. அதே கேள்வியைக் கொண்டு பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் ஏழாம் திருமொழியையும் தள்ளிவிடலாம். அந்தப் பதினோரு பாசுரங்களில் இரண்டையாவது தள்ள எனக்கு மனமில்லை. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சென்ற செப்டம்பர் கடைசியில், எல்.எஃப்.சி. சலுகையில் அம்மாவை அழைத்துக்கொண்டு தேவப்பிரயாகைக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் இல்லை. இமயத்துக்குப் போய்வந்த தமிழர்கள் மெய்சிலிர்த்ததெல்லாம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு அச்சாகியிருக்கிறது. பாசுரங்களைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைப் பார்ப்பது, இடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு பாசுரங்களைப் படிப்பது, இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று கவனிப்பது. நான் செய்தது அவ்வளவுதான்.

ஊரைப் பற்றிச் சில தகவல்கள். உத்தராகண்டில், ரிஷிகேசத்திலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் மலைப்பாதையில் மேலே போனால் வருகிறது. கோமுகத்தில் பிறந்து வரும் பாகீரதியும், பத்ரிநாத்துக்கு மேலேயிருந்து இறங்கிவரும் அலக்நந்தாவும் இங்கே கலக்கின்றன. அலக்நந்தாவின் பாதையில் இருக்கும் ஐந்து பிரயாகைகளில் இது கடைசி. கங்கை என்ற பெயர் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டில் தண்ணீர் அதிகம் கொண்டுவருவது அலக்நந்தா, புராணப் பெருமை அதிகம் பெற்றது பாகீரதி. சங்கமத்துக்கு மேலே செங்குத்தான படிகள் ஏறினால் ரகுநாதர் கோவில். வைஷ்ணவ மரபு இதைத்தான் நூற்றெட்டில் ஒன்றான கண்டம் என்னும் கடிநகர் என்கிறது. பாடியவர் பெரியாழ்வார் ஒருவரே. பாசுரங்களில் பெருமாளின் பெயர் புருடோத்தமன். ஆனால் முதல் பாட்டே அவனைத் தசரதன் மகனாகத்தான் அறிமுகம் செய்கிறது, எனவே ரகுநாதர் கோவிலோடு பொருத்துவதில் பெரிய இடைஞ்சல் இல்லை. 1803-ஆம் ஆண்டு பூகம்பத்தில் கோவில் சேதமடைந்து தௌலத்ராவ் சிந்தியாவின் பணத்தில் செப்பனிடப்பட்டது. ஆகவே கட்டடத்தைப் பார்த்து ஆழ்வாரின் காலத்தை ஊகிப்பதில் பயனில்லை. மிஞ்சுவது நதி.

நதிதான் என்னை முதலில் ஏமாற்றப் பார்த்தது. படித்துறையில் நின்று பார்க்கும் யாருக்கும் முதலில் தெரிவது நிறம். நான் போன சமயம் பாகீரதி பச்சையாக, ஏறக்குறைய பாசியின் நிறத்தில், தெளிவாக வந்துகொண்டிருந்தது. அலக்நந்தா மழைக்கால வண்டல் இன்னும் வடியாமல் மண் நிறத்தில் வந்தது. கலக்கும் இடத்தில் உடனே கலந்துவிடுவதில்லை. ஒரு கோடு தெரிகிறது. கோட்டின் ஓரத்தில் பச்சை மண்ணுக்குள்ளும் மண் பச்சைக்குள்ளும் திட்டுத்திட்டாகப் போகின்றன. வந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியில் படமெடுப்பது அந்தக் கோட்டைத்தான்.

இப்போது இரண்டாம் பாசுரம். அதில் சிவனின் முடியிலிருந்து கொன்றைப் பூவும், நாரணனின் பாதத்திலிருந்து துழாயும் நீரில் கலந்து வருகின்றன. அந்தக் கலப்பினால் கங்கை 'புகர்' கொள்கிறது. புகர் என்றால் நிறம், ஒளி, புள்ளி. கொன்றை மஞ்சள், துழாய் கரும்பச்சை. இரண்டு நிறம், ஒரு நீர், திட்டுத்திட்டான ஒரு பரப்பு. சங்கமத்தைப் பார்த்துக்கொண்டு இதைப் படிப்பவனுக்கு, இவர் இதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லத் தோன்றாமல் இருக்காது. எனக்கும் தோன்றியது. ஒரு நல்ல கட்டுரைக்கான விஷயம் கிடைத்துவிட்டது என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அந்தப் பச்சை யாருடையது? பாகீரதியின் மேலே டெஹ்ரியில் 260.5 மீட்டர் உயர அணை இருக்கிறது. 2006-லிருந்து மின்சாரம் தருகிறது. பழைய டெஹ்ரி நகரம் அதன் நீருக்கடியில் போய்விட்டது. அதற்குக் கீழே கோடேஷ்வரில் இன்னோர் அணை. பனிமலையிலிருந்து பாகீரதி அரைத்துக்கொண்டு வரும் வண்டலெல்லாம் தேக்கத்தில் படிந்துவிடுகிறது. சுழலியைத் தாண்டி வெளியே வருவது வடிகட்டிய நீர். அலக்நந்தாவிலும் ஸ்ரீநகருக்கு அருகே அணை உண்டு, ஆனால் அது டெஹ்ரி அளவுக்கு நீரைத் தேக்கி வைப்பதில்லை, மழைக்காலத்து மண் வந்துவிடுகிறது. ஆக, நான் பார்த்த அந்த அழகான வேறுபாட்டில் ஒரு பெரும் பங்கு மின்நிலையத்தின் சிருஷ்டி. இரண்டு நதிகளும் முன்பும் வேறுவேறு நிறத்தில் வந்திருக்கலாம், பருவத்துக்குப் பருவம் மாறியிருக்கலாம். ஆனால் எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கவிஞன் எதைப் பார்த்திருப்பான் என்பதற்கு இன்றைய நதியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஊர்க்காரர்கள் பாகீரதியை மாமியார் என்றும் அலக்நந்தாவை மருமகள் என்றும் சொல்கிறார்கள். பாகீரதி இரைச்சல் போட்டுக்கொண்டு வருகிறவள், அலக்நந்தா அடக்கமாக வருகிறவள். வேடிக்கையான உருவகம். இப்போது மாமியாரின் இரைச்சல் கூடுவதும் குறைவதும் மின்சாரம் எந்த நேரத்துக்குத் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. எந்நேரமும் நீர் உயரலாம் என்று அறிவிப்புப் பலகை இருக்கிறது. உருவகம் மட்டும் பழையபடி இருக்கிறது. மக்கள் பேச்சில் உருவகங்கள் பொருளை விட நெடுநாள் வாழும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, இன்றைய நதி சாட்சியாகாது. பாசுரங்களே தம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்கின்றன?

முதலில் கவனிக்க வேண்டியது, பதினோரு பாட்டிலும் சங்கமம் இல்லை. கடிநகர் இருக்கிறது, கங்கை இருக்கிறது, இரண்டு நதிகள் கூடும் இடம் என்ற செய்தி இல்லை. இந்த ஊருக்கு வருகிற மந்தபுத்திக்காரன்கூட ஊர் திரும்பியதும் முதலில் சொல்லக்கூடியது அதுதான். இரு கரை என்று இரண்டு இடங்களில் வருகிறது. நான்காம் பாட்டில் இமயம் தொடங்கிக் கடல் வரையில் இரு கரையிலும் உலகம் இரைச்சலோடு நீராடுகிறது. எட்டாம் பாட்டில் இரு கரையிலும் வேள்வித் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, புகை மணக்கிறது. தேவப்பிரயாகையில் கரை இரண்டல்ல, மூன்று. பாகீரதிக்கு அப்பால் ஒன்று, அலக்நந்தாவுக்கு அப்பால் ஒன்று, நடுவில் கப்பலின் முனை போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேட்டில் கோவிலும் ஊரும். அங்கே நின்றவன் இரு கரை என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவான்.

இரண்டாவது, ஒன்பதாம் பாட்டு. இந்தத் திருமொழியின் உச்சம் என்று நான் நினைப்பது. முதல் பாதியில் வடமதுரை, சாளக்கிராமம், துவாரகை, அயோத்தி, வதரி என்று புருடோத்தமன் உறையும் இடங்களின் பட்டியல். பட்டியல் முடிந்ததும் பாட்டு திடீரென்று வேகம் கொள்கிறது. மலை அதிர, தரை பிளந்து விழ, கரை மரங்களை மோதிச் சாய்த்துக்கொண்டு, கடலே கலங்கும்படி கங்கை பாய்ந்து இறங்குகிறது. ஒரே வாக்கியம், ஒரே மூச்சு. வினையெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடுகின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

ஆனால் கங்கை அப்படிப்பட்ட நதியா? அதன் நீளம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மலையை விட்டு ஹரித்துவாரத்தில் இறங்கியதும் மிச்சமெல்லாம் சமவெளி. சோம்பலான, அகலமான, மணல்திட்டுப் போட்டு வழி மாறும் நதி. ரயிலில் போன எனக்கே அந்தச் சமவெளி ஒரு பகலும் ஓர் இரவும் தீராமல் ஜன்னலில் நின்றது. தெற்கேயிருந்து நடந்து போகிற யாத்திரிகனுக்கு அது மாதக்கணக்கு. அப்படி நடந்தவன் கங்கையைப் பாடும்போது வேறு எதை மறந்தாலும் அந்தச் சமவெளியை மறக்க மாட்டான். பெரியாழ்வாரின் கங்கையில் சமவெளி இல்லை. நான்காம் பாட்டில் நீளம் உண்டு, ஆனால் நிலம் கிடையாது. நதி முழுவதும் ஒரே படித்துறை, அவ்வளவு ஜனங்களும் ஒரே நேரத்தில் முழுகுகிறார்கள்.

மலையிலிருந்து விழுந்து, மரத்தைப் பிடுங்கிக்கொண்டு, போய்ச் சேரும் இடம் வரை மூச்சு விடாமல் ஓடும் நீர் எது? மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டாறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரியில் வந்து மறுநாள் வடிந்துபோகும் வெள்ளம் அந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் பழக்கம். பெரியாழ்வார் தனக்குத் தெரிந்த வெள்ளத்தை எடுத்து, அதைத் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய பெயரின் அளவுக்குப் பெருக்கியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம். கம்பனின் சரயு காவிரியாக இருப்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். மலைச் சரக்கைக் காட்டுக்கும் காட்டுச் சரக்கை வயலுக்கும் கொண்டுபோய்த் திணைகளைக் கலைத்துவிடும் அந்த வெள்ளத்தைக் கோசலத்தில் பார்க்க முடியாது என்று யாரும் புகார் செய்வதில்லை. கம்பனுக்குக் கொடுக்கும் சலுகையை மற்றவர்களுக்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

இந்த இடத்தில் பக்தர் ஒருவர் குறுக்கிடக்கூடும். நேரில் போக வேண்டியதில்லை, ஞானதிருஷ்டியில் கண்டார் என்பார். இந்தப் பதில் நம் அனுபவவாதத்துக்கு நேர் எதிரானது போலத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். எப்படியாவது பார்த்திருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பிடிவாதம் ஒன்றே. ஊனக் கண்ணால் பார்த்தால்தான் செல்லும் என்கிறோம் நாம், ஞானக் கண்ணும் செல்லும் என்கிறார் அவர். பார்க்காமலே ஒரு கவிதை உண்மையாக இருக்கலாம் என்பதை நாமும் ஏற்கவில்லை, அவரும் ஏற்கவில்லை.

பெரியாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை சொல்லும் கதைகளில் நான் நம்புவது ஒன்றே ஒன்று. அவர் நந்தவனம் வைத்துப் பூ கட்டியவர் என்பது. மற்றவை நடந்தனவோ இல்லையோ, இதற்குப் பாசுரங்களே சாட்சி. இரண்டாம் பாட்டின் கங்கை ஒரு பூக்கட்டுபவனின் கங்கை. நீரைப் பார்த்ததும் அவனுக்கு ஆழம் தோன்றவில்லை, வேகம் தோன்றவில்லை. என்ன பூ மிதந்து வருகிறது, எந்த மாலையிலிருந்து உதிர்ந்தது என்று தோன்றுகிறது. கோவில் குளத்தின் மூலையில் களைந்த மாலைகள் ஒதுங்கி நிற்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகர் தெரியும். காய்ந்ததும் காயாததும், மஞ்சளும் பச்சையும், நடுவில் எண்ணெய்ப் படலம் போல் ஓர் ஒளி. ஏழாம் பாட்டில் ஐராவதத்தின் மதநீரும், தேவமாதரின் சந்தனமும், கற்பகப் பூவும் சேர்ந்து வருகின்றன. அங்கேயும் நதியை அவர் வாசனையால்தான் அறிகிறார். கடிநகர் என்பதில் உள்ள கடி என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார், காப்பு, விரைவு, புதுமை, அச்சம் என்று. மணம் என்ற பொருள் பிற்கால வழக்கில் இருக்கிறது. ஆழ்வாரின் காதில் அந்தப் பொருள் ஒலிக்காமல் இருந்திருக்காது.

கொன்றையும் துழாயும் கலப்பது வெறும் நிற விஷயம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சைவமும் வைஷ்ணவமும் மோதிக்கொண்டிருந்த காலம். மற்ற ஆழ்வார்களிடம் இந்தச் சண்டையின் உஷ்ணம் சில இடங்களில் தெரிகிறது. இந்தப் பாட்டில் சிவன் தலையில் வாங்கிய நீர் விஷ்ணுவின் காலிலிருந்து வந்தது என்ற வழக்கமான மேல் கீழ்க் கணக்கு இருக்கிறது. ஆனால் பூக்கள் நீரில் விழுந்த பிறகு அந்த வரிசை நிற்பதில்லை. கலந்து வந்துவிடுகின்றன. எது மேலே எது கீழே என்று நீர் கேட்பதில்லை. கருத்தாகச் சொல்லியிருந்தால் சமரசப் பிரசங்கமாகியிருக்கும். பூவாகச் சொன்னதால் கவிதையாகிறது.

பதினொன்றும் இந்தத் தரம் அல்ல. ஐந்தாம் பாட்டில் கலப்பை, உலக்கை, வில், ஆழி, சங்கு, மழு, வாள் என்று ஆயுதசாலைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பத்தாம் பாட்டு மூன்று என்ற எண்ணை வைத்து ஆடும் விளையாட்டு. மூன்று எழுத்து, மூன்று அடி, மூன்று உரு. வியாக்கியானக்காரர்களுக்கு விருந்து. எனக்கு அது சாமர்த்தியம் மட்டும்தான். இங்கே என் வாதத்துக்கு வேண்டியது கிடைக்கிறது. பார்த்தாரா என்பதுதான் சோதனை என்றால் பதினொன்றும் ஒருங்கே நிற்க வேண்டும், அல்லது ஒருங்கே விழ வேண்டும். எல்லாம் ஒரே மனிதர், ஒரே பார்க்காத நதியைப் பற்றிச் சொன்னவை. ஆனால் இரண்டும் ஒன்பதும் நிற்கின்றன, ஐந்தும் பத்தும் விழுகின்றன. வேறுபாடு கண்ணில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

அந்த இளைஞரின் பனிக் கவிதைகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வெண்மை, மௌனம், தவம் என்று அச்சிட்ட காலண்டரிலிருந்து இறங்கிய சொற்கள். அவர் ஜோஷிமடத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார். அவரிடம் இல்லாதது ரயில் டிக்கெட் அல்ல. தஞ்சாவூரில் அவர் தினம் தொட்ட ஏதோ ஒரு குளிர், ஐஸ் பெட்டியின் அடித்தட்டோ, மார்கழியில் கிணற்றடிக் கல்லோ, அந்தப் பனிக்குள் வரவில்லை. கொன்றையையும் துழாயையும் கங்கையில் போட்டவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். அதைக் கேட்காமல் ஊர்ப் பெயரைக் கேட்டு அனுப்பிவிட்டோம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிரபந்தத்தில் பெரும்பகுதி மனப்பாடம். இந்தத் திருமொழி புத்தகம் இல்லாமலே வரும். படித்துறையில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளாமல் இறங்கினால் இழுத்துவிடும். சங்கிலியைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரப்புடவையோடு படியில் உட்கார்ந்து சேவிக்கத் தொடங்கினாள். மூன்றாவது பாட்டில் நின்றது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றது.

"என்னம்மா, மறந்துபோச்சா?"

"மறக்கலைடா. ஆத்துல கண்ணை மூடிண்டா தானா வரும். இங்க இந்த ஜலம் போடற சத்தத்துல அடுத்த அடியை எங்க எடுக்கறதுன்னு தெரியலை."

"அறைக்குப் போய்ச் சேவிச்சுக்கோயேன்."

"அறையில சேவிக்கறதுக்கா இத்தனை தூரம் வந்தேன்?"

ஆனால் அதுதான் நடந்தது. அன்று ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பதினொன்றையும் தடங்கலில்லாமல் சொன்னாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். கடைசிப் பாட்டு வந்தபோதுதான் எத்தனையோ முறை படித்திருந்தும் அதுவரை கவனிக்காத ஒரு சொல் உறைத்தது. பலன் சொல்லும் பாட்டு. வில்லிபுத்தூர் விட்டுசித்தன் செய்த இந்தத் தமிழ்மாலையை நாவில் வைத்திருப்பவர்களுக்கு, கங்கையில் திருமாலின் பாதத்தடியில் குளித்திருந்த 'கணக்கு' ஆகும் என்று முடிகிறது.

கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சொல்லில் காது நிற்கத்தான் செய்யும். எங்கள் வேலையில் டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று உண்டு. ரொக்கம் அசைவதில்லை. ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எவரும் எதையும் சுமந்துகொண்டு போகவில்லை என்பதிலும் சந்தேகமில்லை. ஆழ்வார் சொல்வது இதைத்தான். குளித்தாய் என்று சொல்லவில்லை, குளித்த கணக்கு என்கிறார். முதல் பாட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் அங்கேயும் கங்கை கங்கை என்று வாயால் சொல்வதே வினையைத் தீர்க்கும் என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆரம்பத்தில் பெயர் போதும் என்கிறார், முடிவில் பாட்டு போதும் என்கிறார். நடுவில் வரும் வெள்ளமும் பூவும் புகையும் இந்த இரண்டு உறுதிகளுக்கு நடுவே ஓடுகின்றன.

போகாத ஊரைப் போனதாகக் காட்டுகிற கவிதை அல்ல இது. போக முடியாதவர்களுக்காக, போக முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யப்பட்டது. அன்றைக்கு வில்லிபுத்தூரில் இருந்தவர்களில் கங்கைக்குப் போய்த் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கலாம். அந்தத் தூரம்தான் இந்தக் கவிதையின் அனுபவம். மலையிலிருந்து கடலுக்கு ஒரே வாக்கியத்தில் பாய்ந்தது சமவெளியை அறியாததால் மட்டும் இருக்காது. நடக்க முடியாத தூரத்தைச் சொல்லால் கடக்கிற அவசரமும் அதில் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துறையில் பாட்டு நின்றுபோனதற்கும் இதுதான் காரணமோ என்னவோ. கண்ணெதிரே நதி இருக்கிறபோது, நதி இல்லாத இடத்துக்காகச் செய்த பாட்டுக்கு அங்கே வேலையில்லை.

இதை வைத்துக்கொண்டு எழுத்தாளர்கள் வீட்டை விட்டு நகர வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு அலைந்து திரிந்திருக்காவிட்டால் 'நடந்தாய் வாழி காவேரி' இல்லை. அந்தப் புத்தகத்துக்குக் காலும் கண்ணும் வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் தனக்கு எது சாட்சி என்பதைத் தானே சொல்கிறது. அதைக் கேட்பதுதான் விமர்சகனின் வேலை. பாஸ்போர்ட் அதிகாரியின் வேலை வேறு.

இதே வழியில் இன்னும் மேலே, வதரியைப் பற்றித் திருமங்கையாழ்வார் பாடியதையும் சேர்த்துப் பார்க்கலாம். முதுமை வந்து, கோலூன்றி, கூனி, இருமி, இளம்பெண்கள் எள்ளி நகைக்கிற நிலை வருவதற்கு முன் வதரியை வணங்குவோம் என்பது பொருள். வதரி எப்படி இருக்கும் என்று மிகக் குறைவாகவே சொல்கிறார். முழங்காலைப் பற்றியும் மூச்சிரைப்பைப் பற்றியும் ஏராளமாகச் சொல்கிறார். அங்கேயும் ஊர் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் பார்த்தது தள்ளாமையை. அதைப் பார்க்க எந்த மலையும் ஏற வேண்டியதில்லை.

தேவப்பிரயாகைக்கு உண்மையாகவே போனவர்களின் எழுத்தும் இருக்கிறது. ரகுநாதர் கோவிலுக்குப் பின்னால் பாறையில் பிராமி எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆழ்வாருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. யாத்திரிகர்களின் பெயர்கள் என்று கல்வெட்டறிஞர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் நாள் காலையில் போய்த் தேடினேன். வெயில் சாய்வாக விழும்போது சில கீறல்கள் தெரிகின்றன, எனக்குப் படிக்கத் தெரியாது. வந்தார்கள் என்பதில் இவர்களைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. மாதக்கணக்கில் நடந்து, நதியைப் பார்த்து, அனேகமாக முழுகி, உளி பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கூலி கொடுத்தோ தாமேயோ, தத்தம் பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெற்கே வில்லிபுத்தூரில் இருந்தவர் இந்த ஊரின் பெயரைப் பதினோரு முறை சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டில் ஒரே ஒரு முறை தன் பெயரைச் சொல்கிறார்.